கற்கோடரியும் திருமறையும்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி ஏற்காட்டில் நடைபெற்ற இளைஞர் முகாமின் இரண்டாம் நாள் ஆற்றிய உரை)



நேற்று மாலை இம்மண்டபத்தில் நிகழ்ந்த பட்டிமன்றத்தைக் கடைசி வரிசையில் அமர்ந்து நாமும் கேட்டோம். கடவுள் உண்டு என்பதற்கும் விவிலியம் மெய் என்பதற்கும் தக்க சான்று உளதா என்பது பொருள். உளது என்றோர் அணி ஒரு புறம். இலது என்றோர் அணி மறு புறம். தொல்லியல் விவிலியம் முழுவதையும் நிரூபித்துவிட்டது என்றார் ஒருவர். கடவுள் இல்லை என்பதை விஞ்ஞானம் என்றோ நிரூபித்துவிட்டது என்றார் எதிரில் நின்றவர். 'நிரூபித்துவிட்டது' என்னும் சொல்லை ஒரு மணி நேரத்தில் நாற்பது தடவைக்குக் குறையாமல் கேட்டிருப்போம். நிரூபணம் என்றால் யாது என்று வினவியவர் மட்டும் எவருமிலர்.

வாதம் சூடேறியது குறித்து நமக்கு வருத்தம் இல்லை. இளைஞர் வாதிடவில்லையெனில் முகாம் எதற்கு? ஆனால் இரவு உணவின்போது இரு அணியினரும் இரு பந்தியாகப் பிரிந்து அமர்ந்ததைக் கண்டோம். தனிப்பந்தி என்பது இந்நாட்டில் நமக்கு எத்தகைய சொல் என்பதை விளக்க வேண்டுவதில்லை. நம் சேரிகளில் ஒரே கூரையின் கீழ் அண்ணன் ஜெபக்கூடத்திற்குச் செல்கின்றான். தம்பி கருப்புச் சட்டை அணிகின்றான். தாய் ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழ் வார்க்கின்றாள். இம்மூவரும் ஒரே சட்டியில் உண்பவர்கள். ஆகையால் இப்பொருளைச் சற்று நிதானமாக ஆராய்வது நம் கடமை எனக் கருதி, 'கல்வியும் வேலைவாய்ப்பும்' என்று நமக்குத் தரப்பட்டிருந்த தலைப்பைத் தலைவரின் அனுமதியோடு ஒதுக்கி வைத்துள்ளோம்.

முதலில் சான்று என்பதைப் பார்ப்போம். 1872-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இந்தியச் சாட்சியச் சட்டம் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் நம் நீதிமன்றங்களை ஆண்டது. 2024 ஜூலை முதல் நாளில் அதன் இடத்திற்குப் புதிய சட்டம் வந்துவிட்டது. எனினும் அதன் தொடக்கத்தில் இருந்த ஓர் இலக்கணம் புதிய சட்டத்திலும் மாறாது நிற்கின்றது. ஒரு செய்தி மூன்று நிலைகளில் ஒன்றில் இருக்கும் என்கின்றது அச்சட்டம்: மெய்ப்பிக்கப்பட்டது, பொய்ப்பிக்கப்பட்டது, மெய்ப்பிக்கப்படாதது. மூன்றாவது நிலை மிக முக்கியமானது. மெய்ப்பிக்கப்படாதது என்பதால் அது பொய் என்று ஆகிவிடாது, மெய்யென்றும் ஆகிவிடாது. நேற்றைய வாதத்தில் இரு அணியினரும் இரண்டு பெட்டிகளையே வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அவற்றுள் திணிக்கப் பாடுபட்டனர். மூன்றாவது பெட்டி ஒன்று உண்டு என்பதை மனத்திற்கொண்டு மேலே கேளுங்கள்.

சான்று என்பது நம்மவர்க்குப் புதிய சொல்லன்று. சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று என்று கையில் தாளோடு தாலுகா அலுவலக வாயிலில் நில்லாத குடும்பம் இங்கு இராது. நாம் யாரென்பதற்கே நம்மிடம் ஓயாது சான்று கேட்கப்படுகின்றது. ஆனால் நம்மைக் கீழ்ப்பிறவி என்று எழுதிய நூல்களிடம் 'உனக்கு என்ன சான்று' என்று திருப்பிக் கேட்டவர் நெடுங்காலம் மிகச் சிலரே. அவ்வாறு கேட்டவர்களுள் அண்ணல் அம்பேத்கர் தலையாயவர். 1936-ல் லாகூர் மாநாட்டிற்கென அவர் எழுதிய உரை சாத்திரங்களின் அதிகாரத்தையே வினாவிற்கு உட்படுத்தியது. அழைத்தவர்களே அஞ்சி மாநாட்டைக் கைவிட்டனர். பேசப்படாத அவ்வுரை நூலாகி நாடெங்கும் பேசிற்று. சாத்திரத்திடம் கேட்ட அதே கேள்வியை விவிலியத்திடம் கேட்பது பாவம் என்பாரும் நம்மிடையே உளர். விவிலியத்திடம் கேட்டுவிட்டு, விஞ்ஞானத்தின் பெயரால் யாரேனும் எதையேனும் சொன்னால் கேள்வியின்றி ஏற்பாரும் உளர். அளவுகோல் ஒன்றாக இருத்தல் வேண்டும் என்பதே நம் கட்சி.

இனி நாம் கூடியிருக்கும் இம்மலைக்கு வருவோம். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து நீங்கள் ஏறி வந்த ஏற்காடு, ஏரிக்கும் மலர்க் கண்காட்சிக்கும் பெயர் பெற்றது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்குக் காப்பியைப் புகுத்தினார் என்பதும், அத்தோட்டங்களில் உழைத்தவர்களுள் நம் மக்களும் இருந்தனர் என்பதும் நீங்கள் அறிந்தவை. ஆனால் நேற்று நீங்கள் வாதிட்ட பொருளுக்கும் இம்மலைக்கும் நேரான தொடர்பு உண்டு என்பதைப் பலரும் அறியார். விவிலியத்தைத் தமிழாக்கிய ஒருவரும், விவிலியக் காலக்கணக்கை அசைத்த கல்லைக் கண்டெடுத்த ஒருவரும் இம்மலையோடு பிணைந்தவர்கள். அவ்விருவரும் மாமனும் மருமகனும் ஆவர்.

மாமனார் பீட்டர் பெர்சிவல் பாதிரியார். வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த அவர் 1826-ல் யாழ்ப்பாணம் வந்து பள்ளிகளை நடத்தினார். விவிலியத்தைத் தமிழில் புதிதாகப் பெயர்க்கும் பணியை மேற்கொண்டபோது, தம் பள்ளியில் பயின்று அங்கேயே ஆசிரியராகவும் இருந்த நல்லூர் ஆறுமுகம் பிள்ளையைத் துணையாகக் கொண்டார். அவரே பின்னாளில் ஆறுமுக நாவலர் எனப் புகழ்பெற்றவர். அப்பெயர்ப்பு 1850-ல் வெளியாயிற்று. பெர்சிவல் பிற்காலத்தில் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். 'தினவர்த்தமானி' என்னும் தமிழ் வார இதழை நடத்தினார். ஆறாயிரத்திற்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி 1874-ல் நூலாக்கினார். 1882-ல் ஏற்காட்டில் காலமானார்.

இதில் வியப்பு யாதெனில், கிறித்தவ மறையை நற்றமிழாக்க உழைத்த நாவலர் ஒரு நாளும் கிறித்தவராகவில்லை. 1848-ல் மிஷன் பணியை விடுத்து வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி நிறுவினார். 1854-ல் 'சைவ தூஷண பரிகாரம்' என்னும் கண்டன நூலை வெளியிட்டார். மிஷனரிமார் சைவரின் கோயில், பலி, தீட்டு, நீராட்டு முதலியவற்றைப் பழித்தபோது, உங்கள் பழைய ஏற்பாட்டிலும் கோயில் உண்டு, பலி உண்டு, தீட்டு விலக்கு உண்டு என்று இடஞ்சுட்டி மறுத்தார். எதிராளியின் நூலை எதிராளியைவிட நன்கு கற்றுப் பின் வாதிட்ட பெருமை அவருக்குரியது. நேற்று இரு அணியிலும் எத்தனை பேர் மற்றவர் நூலைப் படித்துவிட்டு வந்தீர்கள்?

நாவலரைப் புகழும்போது ஒன்றைக் கூறாது விடுதல் நம் மேடைக்கு ஒவ்வாது. தீட்டு என்பது இரு மறைகளிலும் உளது என்று காட்டிய அப்பெரும்புலவர், தீட்டு என்பதற்கே சான்று உண்டா என்று கேட்கவில்லை. சாதி ஆசாரத்தை அவர் இறுதிவரை விடவில்லை. கேள்வி கேட்கும் ஆற்றல் இருந்தும், தமக்கு வசதியான இடத்தில் அது நின்றுவிடுதல் கற்றோரிடமும் காணப்படுகின்றது.

மொழிபெயர்ப்பு வரலாற்றை மேலும் ஒரு கணம் நோக்குக. சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்தார். அவர் பெயர்த்த புதிய ஏற்பாடு 1715-ல் அச்சாகி முடிந்தது. அதன் பின்னர் பப்ரீசியஸ், இரேனியஸ், பெர்சிவல், 1871-ல் பவர் எனப் பலர் திருத்தினர். இறைவனைக் குறிக்கச் சருவேசுரன் என்பதா, பராபரன் என்பதா, தேவன் என்பதா என்று தலைமுறை தலைமுறையாக வாதித்தனர். 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பு கடவுள் என்னும் சொல்லைக் கொண்டது. மறைநூல் மனிதர் கை வழியாக, மனிதர் ஆய்வு வழியாக நம்மிடம் வந்துள்ளது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. 'ஓர் எழுத்தும் மாறாதது' என்று நேற்று முழங்கிய தம்பி இதனை எண்ணிப் பார்க்கட்டும்.

மூலப்படிகளிலும் இதுவே நிலை. 1947 முதல் சாக்கடலையடுத்த குகைகளில் கிடைத்த தோல் சுருள்களுள் ஏசாயா நூல் முழுமையாக உளது. அதுவரை கையிலிருந்த எபிரேயப் படிகளைவிட அஃது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பழமையானது. ஒப்பிட்டபோது பெரும்பகுதி ஒத்திருந்தது. சிறு வேறுபாடுகளோ மிகப் பல. எழுதியோர் எவ்வளவு கருத்தாகப் படியெடுத்தனர் என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் மாற்கு நற்செய்தியின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த இரு பெரும் பழம்படிகளில் இல்லை. இன்றைய பதிப்புகள் பலவும் அதனை நேர்மையாகக் குறிப்பிடுகின்றன. நம்புவோர் இதற்கு அஞ்சத் தேவையில்லை. நம்பாதோர் இதனைக் கண்டு துள்ளவும் தேவையில்லை.

இனி மருமகன். இராபர்ட் புரூஸ் பூட் இந்திய நிலப்பொறையியல் ஆய்வுத் துறையில் 1858-ல் சேர்ந்தவர். 1863 மே 30 அன்று சென்னையை அடுத்த பல்லாவரத்தில், படைப் பயிற்சித் திடல் அருகே சரளை தோண்டிய பள்ளத்தில் ஒரு கல்லை எடுத்தார். இரு புறமும் சில்லு சில்லாகப் பெயர்த்து, விளிம்பைக் கூர்மையாக்கிய கல் அது. ஆற்றில் உருண்ட கல்லுக்கும் மனிதன் செதுக்கிய கல்லுக்கும் வேறுபாடு உண்டு. தானே உடைந்த கல்லில் முறிவு ஒழுங்கற்று இருக்கும். செதுக்கிய கல்லிலோ சில்லு பெயர்ந்த தழும்புகள் ஒன்றையொன்று தொடர்ந்து ஒரே விளிம்பை நாடி வரும். பூட் கண்டது கற்கோடரி. இந்தியாவில் பழங்கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதை உலகிற்கு முதன்முதல் அறிவித்த கல் அதுவே. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் அவருடைய தோழர் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டனர்.

அக்காலத்து ஆங்கில விவிலியங்களின் ஓரத்தில் ஆண்டுக் கணக்கு அச்சிடப்பட்டிருக்கும். உலகம் கி.மு. 4004-ல் படைக்கப்பட்டது என்பது அதன் தொடக்கம். பதினேழாம் நூற்றாண்டில் அயர்லாந்தின் பேராயர் அஷர், விவிலிய வமிச வரலாறுகளைக் கூட்டிக் கண்ட கணக்கு அது. பூட் எடுத்த கல் அக்கணக்கில் அடங்கவில்லை. அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு முதலிய ஆய்வாளர் அறிவியல் முறையில் காலங்கணித்து 2011-ல் வெளியிட்ட முடிவின்படி, அங்குள்ள பழைய கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. நாம் நிற்கும் இச்சேர்வராயன் மலையின் பாறையோ 250 கோடி ஆண்டு அளவுக்குப் பழமையானது. பல்லாவரத்துப் பாறையும் இம்மலைப் பாறையும் ஓர் இனம், சார்னோக்கைட் என்பர்.

எனவே ஆறாயிரம் ஆண்டு உலகம் என்பது பொய்ப்பிக்கப்பட்டது. இதில் தயக்கம் வேண்டா. ஆனால் எது பொய்ப்பிக்கப்பட்டது என்பதைச் சரியாகச் சொல்லுங்கள். ஒரு பேராயர் கூட்டிய கணக்கும், ஆதியாகமத்தை நாட்குறிப்பேடு போலப் படிக்கும் முறையும் வீழ்ந்தன. கற்கோடரி கடவுளைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. அதற்கு வாயும் இல்லை. பூட் ஓய்வுக்காலத்தை இம்மலையிலேயே கழித்தார். தாம் திரட்டிய தொல்பொருள்களை 1904-ல் சென்னை அருங்காட்சியகத்திற்கு விற்றார். எழும்பூரில் இன்றும் காணலாம். 1912 டிசம்பரில் அவர் மறைந்தபின் நினைவிடம் அமைந்ததும் இதே ஏற்காட்டின் ஹோலி டிரினிட்டி தேவாலய வளாகத்தில்தான்.

பல்லாவரத்தின் அருகிலேயே பரங்கிமலை உளது. இயேசுவின் சீடர் தோமா அங்கே கொல்லப்பட்டார் என்பது மரபு. இதற்குச் சான்று யாது? தோமாவின் இந்தியப் பயணத்தைக் கூறும் பழைய சிரியக் கதை நூல் மூன்றாம் நூற்றாண்டினது. அதில் கொண்டபரஸ் என்னும் மன்னன் வருகின்றான். கற்பனைப் பெயர் என்று பலர் எண்ணியிருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவில் அவன் பெயர் பொறித்த நாணயங்கள் கிடைத்தன. மன்னன் இருந்தது மெய்ப்பிக்கப்பட்டது. அதனால் தோமா வந்தார் என்பதும் மெய்ப்பிக்கப்பட்டதா? இல்லை. பரங்கிமலைச் சிலுவையின் பகலவி எழுத்தும் தோமாவிற்குப் பல நூற்றாண்டு பிற்பட்டது; இங்கே பழங்காலத்தில் கிறித்தவர் இருந்தனர் என்பதையே அது காட்டும். தோமா வந்தது மூன்றாம் பெட்டிக்கு உரியது. கதையில் வரும் ஊர் மெய் என்பதால் கதை முழுவதும் மெய்யாகாது. மதுரை இருப்பதால் நரி பரியானதும் நடந்தது என்று சொல்லலாமோ?

இம்முறையில் விவிலியத்தின் பிற பகுதிகளையும் நிறுத்துப் பாருங்கள். தாவீதின் குலத்தைக் குறிக்கும் கல்வெட்டு 1993-ல் வட இசுரவேலில் தெல் தானில் கிடைத்தது. பிலாத்துவின் பெயர் பொறித்த கல் 1961-ல் செசரியாவில் கிடைத்தது. இவர்கள் வரலாற்று மாந்தர். இயேசு என்பவர் வாழ்ந்து பிலாத்துவின் ஆட்சியில் கொல்லப்பட்டார் என்பதையும் வரலாற்றறிஞருள் மிகப் பெரும்பாலோர் ஏற்கின்றனர். கிறித்தவரல்லாத உரோம வரலாற்றாசிரியர் தாசித்தும் குறிப்பிடுகின்றார். மறுபுறம், எரிகோவை 1950-களில் அகழ்ந்த கேத்லின் கென்யன், யோசுவாவிற்குரியதாகக் கருதப்படும் காலத்தில் அங்கு வீழ்வதற்கு மதிலே இல்லை என்று கண்டார். இயேசு ஏரோது காலத்தில் பிறந்தார் என்கிறார் மத்தேயு; சிரேனியு காலத்துக் குடிமதிப்பின்போது பிறந்தார் என்கிறார் லூக்கா. ஏரோது இறந்தது கி.மு. 4 என்பதே பெரும்பாலோர் கருத்து, அக்குடிமதிப்போ கி.பி. 6. பத்தாண்டு இடைவெளி எளிதில் நிரம்பவில்லை.

உயிர்த்தெழுதல் பற்றி இரு அணியினரும் கேட்டனர். அதைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துகளுள் ஒன்று, பவுல் கொரிந்து நகரத்தார்க்கு கி.பி. 55 அளவில் எழுதிய நிருபம். நற்செய்திகள் அதன் பின்னர் வந்தவை. கண்டோம் என்று முதற்சீடர் உறுதியாக நம்பினர் என்பதற்கு இது வலிய சான்று. அந்நம்பிக்கைக்காகத் துன்புற்றனர் என்பது அவர்கள் பொய்யர் அல்லர் என்பதைக் காட்டும். உளமார நம்பியதொன்று நடந்ததாகவும் இருத்தல் வேண்டும் என்பதை அது காட்டாது. வரலாற்றாசிரியன் கையிலுள்ள கருவி அவ்விடத்தில் முடிகின்றது. அதற்கப்பால் செல்வோர் நம்பிக்கையால் செல்லட்டும். அதற்கு நிரூபணம் என்று பெயரிட வேண்டா.

கடவுள் உண்டா என்னும் பெரிய வினாவில் சான்றின் நிலை இன்னும் இடரானது. கண்ணின் அமைப்பைக் காட்டி ஆக்கியோன் ஒருவன் உளன் என்பது பழைய வாதம். 1859-ல் டார்வின் வெளியிட்ட நூலுக்குப் பின் அவ்வாதம் பெரிதும் தளர்ந்தது. உலகத் தோற்றத்திற்கு முதற்காரணம் வேண்டாவோ என்பது மற்றொரு வாதம். வேண்டுமெனக் கொண்டாலும் அது கோவிலிலோ தேவாலயத்திலோ உள்ள கடவுள்தான் என்பது எவ்வாறு பெறப்படும்? இலது என்போரின் வலிய வாதம் துன்பத்தைப் பற்றியது. 2004 டிசம்பர் 26 அன்று, கிறித்துமசுக்கு மறுநாள், வேளாங்கண்ணியில் கூடியிருந்த பக்தர்கள் நூற்றுக்கணக்கில் ஆழிப்பேரலைக்குப் பலியாயினர். பேராலயத்தினுள் நீர் புகவில்லை. அற்புதம் என்றனர் ஒரு சாரார். வெளியே இறந்தவரும் அந்த அன்னையை நாடி வந்தவரே அல்லவா என்றனர் மறு சாரார். பேராலயம் மேட்டில் உளது என்றனர் மூன்றாவது சாரார். ஒரே நிகழ்ச்சி மூன்று வழக்குகளுக்குச் சாட்சியாயிற்று. விளைவு எதுவாயினும் தம் கட்சிக்கே சான்றாகும் என்று வைத்துக்கொண்டால், அது சான்று ஆகாது. தோற்பதற்கும் இடம் கொடுக்கும் கூற்றே சோதனைக்கு உரியது.

இவ்வினாவில் நமக்கென ஒரு முடிவு உண்டா என்று கேட்பீர்கள். கடவுள் உண்மை மெய்ப்பிக்கப்படவில்லை, பொய்ப்பிக்கப்படவும் இல்லை, இப்போதுள்ள கருவிகளால் அவ்விரண்டும் கூடும் என்று நமக்குத் தோன்றவும் இல்லை. இதனைச் சொல்வதால் ஒரு சாராரிடம் நாத்திகர் என்றும், மறு சாராரிடம் கோழை என்றும் பெயர் வாங்குவோம். பரவாயில்லை, தலைமையாசிரியருக்கு இவற்றினும் கடுமையான பெயர்கள் மாணவரால் சூட்டப்பட்டுள்ளன.

ஆனால் சான்று கேட்க முடிந்த இடம் ஒன்று உண்டு. அது நடத்தை. கடவுளின்முன் யாவரும் சமம் என்று ஒரு சபை கூறினால், அதனைக் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கலாம். ஆழிப்பேரலைக்குப் பின் நாகை மாவட்ட நிவாரண முகாம்களில் நம் மக்கள் ஒதுக்கி வைக்கப்பட்டதைச் செய்தியாளரும் மனித உரிமை அமைப்பினரும் பதிவு செய்தனர். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளம் தேவாலயத்தில் சாதிவாரியாக மக்களைப் பிரித்து நின்ற தடுப்பு 1910-ல் அகற்றப்பட்டது. மேல்சாதிக் கிறித்தவர் வழக்காடினர். கிறித்தவ ஆலயத்தினுள் அத்தகைய உரிமையைச் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. அத்தடுப்பை எழுப்பியதும் நம்பிக்கையாளரே. இடித்ததும் நம்பிக்கையாளரே என்பதை மறத்தலாகாது.

இன்னொரு வழக்கு உங்களுக்கு நேராகப் பயன்படுவது. சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்த சூசை என்பவர், தொழிலாளர்க்கு அரசு வழங்கிய கடைப்பெட்டி தமக்குக் கிறித்தவர் என்பதால் மறுக்கப்பட்டது என்று உச்ச நீதிமன்றம் சென்றார். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியினர் என்னும் தகுதியை இந்துக்களுக்கு வரையறுத்திருந்தது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். 1985-ல் வந்த தீர்ப்பில் நீதிமன்றம் கூறியது யாது? மதம் மாறிய பின்னரும் சாதியின் கொடுமை அதே கடுமையோடு தொடர்கின்றது என்பதைக் காட்டப் போதிய ஆதாரம் முன்வைக்கப்படவில்லை என்றது. கொடுமை இல்லை என்று கூறவில்லை, மெய்ப்பிக்கப்படவில்லை என்றது. மூன்றாவது பெட்டியைப் பாருங்கள்! நாம் அன்றாடம் உடலால் அறிந்த ஒன்று, தாளில் இல்லாமையால் அப்பெட்டிக்குள் போயிற்று. 2022-ல் இப்பொருளை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. இத்தகைய ஆணையங்களின் முன் முழக்கம் செல்லாது. எந்த ஊரில் தனிக் கல்லறை, எங்கே தனி வரிசை, எந்த ஆண்டு முதல், கண்டவர் யார் என்று எழுதி வைத்தவர் சொல்லே செல்லும். நேற்றைய அணிகள் இரண்டும் இப்பணியில் சேர்ந்து ஈடுபட எந்த இறையியலும் தடையாக இராது.

இம்மலையில் இன்னொரு செய்தி. சேர்வராயன் மலையிலும் இம்மாவட்டத்தின் வேறு மலைகளிலும் வழவழப்பாகத் தேய்த்த புதிய கற்காலக் கோடரிகள் கிடைப்பதுண்டு. மலைவாழ் மக்கள் அவற்றை எடுத்து மரத்தடியில் பிள்ளையார் முன் வைத்து வணங்கினர். மிஷனரிகளும் பூட் போன்றோரும் அவற்றைக் கண்டு குறித்து வைத்தனர். அம்மக்களை நகைத்தல் எளிது. ஆனால் வயலில் கிடைத்த அக்கல் மற்றக் கல் போன்றதன்று, யாரோ செய்தது, காக்கத்தக்கது என்பதை அவர்கள் கண்டிருந்தனர். 'செய்தவர் யார்' என்பதில் விடை வேறாயிற்று. அவர்கள் காத்து வைத்திராவிடின் அருங்காட்சியகத்தில் சில தட்டுகள் வெறுமையாக இருந்திருக்கும்.

இறுதியாக, மூத்த உறுப்பினர் ஒருவர் காலையில் நம்மிடம் கேட்டதற்கு விடை கூற வேண்டும். இத்தகைய வாதங்களால் யாருக்கு என்ன பயன், பிள்ளைகள் மனம் கெடுவதன்றி, என்று கேட்டார். தமிழ்நாட்டில் இவ்வாதம் புதிதன்று. 1882 முதல் சில ஆண்டுகள் சென்னையில் 'தத்துவ விவேசினி' என்னும் தமிழ் வார இதழ் இதற்கெனவே வெளிவந்தது. ஆனால் பயனைக் காட்ட இலங்கையின் பாணந்துறைக்கே செல்ல வேண்டும். அங்கே 1873 ஆகஸ்டில் குணானந்தர் என்னும் பௌத்த பிக்குவும், தாவீது த சில்வா, சிறிமான்ன என்னும் கிறித்தவ உபதேசியாரும் இரண்டு நாள் பொதுமக்கள் முன் வாதிட்டனர். விவிலியத்தின் கடவுள் எத்தகையவர், ஆன்மா உண்டா, பௌத்த நூல்கள் நம்பத்தக்கனவா என்பன பொருள்கள். இரு தரப்பும் தாமே வென்றதாகக் கூறின; அது வழக்கமே. அவ்வாதம் ஆங்கிலத்தில் அச்சாகி அமெரிக்கா சென்றது. அதனால் ஈர்க்கப்பட்ட கர்னல் ஆல்காட் 1880-ல் இலங்கை வந்தார். 1882-ல் பிரம்மஞான சபையின் தலைமையிடம் சென்னை அடையாற்றில் அமைந்தது. அங்கிருந்த அவர் நம் மக்களின் நிலையைக் கண்டு 1894-ல் ஊரூரில் பஞ்சமர்க்கென இலவசப் பள்ளியைத் திறந்தார். 1898-ல் அயோத்திதாசப் பண்டிதரோடு இலங்கை சென்றார். பண்டிதர் அங்கே பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பிச் சாக்கைய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907-ல் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழின் பக்கங்களில் சாத்திரமும் புராணமும் ஒவ்வொன்றாகச் சாட்சிக் கூண்டில் ஏற்றப்பட்டன. அவர் சொற்பொருள் கண்ட முறைகள் பலவற்றை இன்றைய மொழியியலார் ஏற்கமாட்டார். அவர் கேட்ட கேள்விகள் வேறு. ஆல்காட் பெயரால் ஒரு பள்ளி பெசன்ட் நகரில் இன்றும் நடக்கின்றது. பாணந்துறையில் கூடிய சிங்கள மக்களுள் எவரும் சென்னைச் சேரிப் பிள்ளையின் சிலேட்டை எண்ணியிருக்க மாட்டார்.

நாளைய நிகழ்ச்சி நிரலில் ஒரு மாற்றம். காலை ஆறரை மணிக்கு ஹோலி டிரினிட்டி தேவாலய வளாகம். பூட் நினைவுக் கல்லில் உள்ளதை அனைவரும் பார்த்து எழுதிக்கொள்க. பத்து மணிக்குச் சேர்வராயன் குகைக் கோயில். அக்குகை காவிரி வரை செல்கின்றது என்று பூசாரி கூறுவார். மரியாதையுடன் கேட்டு அதனையும் எழுதிக்கொள்க. காலணியை வெளியே விடுக. குறிப்பேடு இல்லாதோர் இன்றிரவே பொருளாளரிடம் பெற்றுக்கொள்ளலாம், விலை இல்லை.